கரியக்கா தெளிய வைத்த தண்ணீர்

சாயப்பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் கரியக்கா. நகங்களின் ஓரத்தில் எப்போதும் ஒரு கறுப்பு வரி இருக்கும். எலுமிச்சை, சோப்பு, மண்ணெண்ணெய் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது அசையாது. அவருடைய வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். "காலைல இவ கையால ஒரு காபி வாங்கிக் குடிச்சா போதும், நான் கிழிக்கிற டிக்கெட்டெல்லாம் கறுப்பாயிடுது" என்று அவர் கிண்டல் செய்வாராம். அதை அக்காவே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் அந்தப் பட்டறையில் பாய்லர் ஆள். நெருப்புப் போடுவது, நீராவி அளவைப் பார்ப்பது, சாம்பல் வாருவது என் வேலை. என் மேடையிலிருந்து பார்த்தால் கழிவுநீர்த் தொட்டிகள் முழுதாகத் தெரியும். அந்தத் தொட்டிகளை ஒட்டி ஒரு சின்ன அறை. அதுதான் லேப். ஒரு தராசு, ஒரு மின் உலை, கண்ணாடிக் குடுவைகள், கால் ஆடும் ஸ்டூல் ஒன்று. அதில்தான் அக்கா உட்கார்ந்திருப்பார். அவர் பள்ளிப்படிப்போடு நின்றவர். உதவியாளர் என்று எடுத்தார்கள். கெமிஸ்ட் வேலையை விட்டுப் போன பிறகு வேறு ஆள் போடவே இல்லை. உதவியாளரே எல்லாம் செய்தார். சம்பளம் மட்டும் உதவியாளர் சம்பளமாகவே இருந்தது.

துணியில் ஏறியது போக மிச்சச் சாயம் முழுதும் தண்ணீரோடு வெளியே வரும். சுண்ணாம்பு போட்டுக் கலக்கித் தெளிய விட்டாலும் நிறம் போகாது. அது அப்படியே வாய்க்காலுக்குப் போகும். அடுத்த மாதம் கடைக்கு என்ன நிறத்தில் சட்டை வரும் என்பதை வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். வாய்க்கால் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம், சில நாள் பெயர் வைக்க முடியாத ஒரு கலவையாக ஓடும்.

அந்த வாய்க்காலின் கரையில், பட்டறையிலிருந்து அரை மணி நேரம் நடக்கும் தூரத்தில்தான் அக்காவின் அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அவர்களுடைய அப்பா விட்டுப் போனது. சிவப்பும் நீலமும் வர ஆரம்பித்ததும் அண்ணன் வாய்க்கால் தண்ணீரைத் தொடுவதை நிறுத்தினார். கிணறு குடிக்கத்தான் போதும், பாய்ச்சப் போதாது. நிலம் எட்டு வருடம் சும்மா கிடந்தது. அவர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் ஆனார். "சொந்த நிலத்துல முள்ளு காவல் காக்குது. நான் அடுத்தவன் கதவக் காக்கறேன்" என்பார். தங்கையிடம் அவருக்குக் கோபம் கிடையாது. ஆனால் அவள் எந்தப் பட்டறையில் வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டதில் ஒரு நாள் அதிகாரிகள் வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் நிறத்தை எடுக்க வேண்டும், அதற்கடுத்து உப்பை எடுக்கிற இயந்திரமும் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் சாயத்தை உறிஞ்சும் கரி கொஞ்சம் வாங்கி வந்தார். விலை அதிகம். அதனால் அதைச் சாமிக்குச் சந்தனம் வைப்பது போலத் தொட்டுத் தொட்டுப் போட்டார்கள். நிறம் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "கரி என்ன வானத்துலயா விளையுது? நம்மளே சுட்டுப் பாப்போம்" என்றார். மரத்தூள், கடலைத் தோல், காய்ந்த தண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தார். கடைசியில் மாவு மில்லின் பின்பக்கம் மலையாகக் கிடந்த மக்காச்சோளத் தக்கையில் வந்து நின்றார். மணியை உதிர்த்த பிறகு மிஞ்சுகிற அந்தக் கட்டையை மில்காரர் எரிக்கவும் மாட்டாமல் கொட்டவும் மாட்டாமல் வைத்திருந்தார். எடுத்துப் போனால் புண்ணியம் என்றார்.

லேப்பின் உலையில் ஒரு கைப்பிடிதான் கொள்ளும். அதனால் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, உன் அடுப்புல ஒரு இரும்பு டிரம் வைக்கணும். காத்துப் புகாம மூடியிருக்கும். காத்துப் புகுந்தா சாம்பலாயிடும், புகலேன்னா கரியாகும்."

"மேனேஜர் கேட்டா?"

"குளிருக்கு வச்சேன்னு சொல்லு."

முதல் டிரம் சாம்பலாகத்தான் வந்தது. மூடியில் மயிரிழை அளவு இடைவெளி. அடுத்த முறை நானே களிமண் குழைத்துப் பூசிக் கொடுத்தேன். தக்கையை நொறுக்கி, அமிலத்தில் ஊறவைத்து, காயவைத்து, டிரம்மில் அடைத்து, என் அடுப்பில் வேகவிட்டு, எடுத்து, மறுபடி மறுபடி கழுவ வேண்டும். அமிலம் கொஞ்சம் தங்கிவிட்டாலும் எல்லாம் வீண். அக்கா கழுவிக்கொண்டே இருப்பார். தொண்டையில் எரிச்சல், கண்ணில் நீர். கோடை முழுதும் இப்படிப் போனது. ஒன்பதாவது டிரம் இறங்கிய மறுநாள் மதியம் லேப்பிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"இந்தக் குடுவையில என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலக்கா. வெறும் தண்ணி."

"காலைல இது ரத்தச் சிவப்பா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்று மாலை வரை அந்தக் குடுவையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். யாராவது எதிரே வந்தால் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டுவார்.

உயரமான தொட்டிகளில் அந்தக் கரியை நிரப்பினார்கள். மாதம் முடிவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் தெளிந்து ஓடியது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம் என்று வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். முதலாளி ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். குடிக்கவில்லை, உயர்த்தினார். செய்தித்தாளில் படம் வந்தது. இரண்டாவது வரிசையில் ஒருவருடைய தோளுக்கு மேல் அக்காவின் பாதி முகம். வீட்டுக்காரர் அதை வெட்டி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அக்காவின் வீட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டேன் என்றார். முள்ளை வெட்டியாகிவிட்டது, உழ ஆள் சொல்லியாகிவிட்டது, வெங்காயம் போடப் போகிறேன் என்றார். நடந்ததை மறுநாள் டீ குடிக்கும்போது என்னிடம் வார்த்தை மாறாமல் சொன்னார்.

"அண்ணே, அவசரப்படாத. கலர் மட்டும்தான் போயிருக்கு. சாயம் துணியில பிடிக்க உப்பு மூட்டை மூட்டையா போடறாங்க. அந்த உப்பு அப்படியே வருது. கரி உப்பத் தொடாது."

"தண்ணியில கல்லு தெரியுது பாப்பா."

அக்கா உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாராம். "இதுல ஒண்ணுல உப்புக் கரைச்சிருக்கேன். பாத்துச் சொல்லு, எதுலன்னு."

அண்ணன் இரண்டையும் பார்த்தார். பிறகு இரண்டிலும் விரலை விட்டு நாக்கில் வைத்தார். "இதுல."

"நீ நக்கிப் பாத்துச் சொல்லிட்ட. செடி என்ன, நக்கிப் பாத்துட்டா குடிக்கும்?"

"என் மாட்டுக்கு உப்புன்னா உயிரு" என்று சிரித்தார் அண்ணன். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்தார். "வாசிச்சுப் பாரு. சுத்தமான தண்ணின்னு போட்டிருக்கு. பண்ணினது நீ. இப்ப நீயே வேண்டாங்கற. எட்டு வருஷம் தரிசா போட்டவனுக்கு ஆசை காட்டிட்டு இப்ப உப்பு புளின்னு சொல்லாத."

அக்காவைப் படிக்க வைத்தது அந்த அண்ணன்தான். அவரிடம் அதற்கு மேல் குரலை உயர்த்தி அக்காவுக்குப் பழக்கமில்லை. கூட வந்திருந்த அண்ணியும் சமையலறை வாசலில் நின்றபடி, "போகட்டும் விடு. அந்த மனுஷன் சிரிச்சு எத்தனை நாளாச்சு" என்றாராம்.

முதல் போகத்தில் மழை பெய்து காப்பாற்றியது. வெங்காயம் நன்றாகவே வந்தது. அண்ணன் ஒரு கூடை கொண்டுவந்து பட்டறை கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அதில் எனக்கும் பங்கு கிடைத்தது. "உன் வாய் முகூர்த்தம் பொய்யாப் போச்சு பாப்பா" என்று அவர் சத்தமாகச் சொன்னது என் மேடை வரை கேட்டது. அக்காவும் சிரித்தார். பொய்யாகவே போகட்டும் என்று அவரும் வேண்டியிருப்பார். சுற்றியிருந்த நாலைந்து பேரும் அண்ணனைப் பார்த்துத் தங்கள் நிலத்துக்கு மடை திறந்தார்கள்.

இரண்டாவது போகத்தில் மழை இல்லை. முழுக்க வாய்க்கால் தண்ணீர்தான். வெங்காயத் தாளின் நுனி முதலில் பழுப்பானது, பிறகு நெருப்பு பட்டது போலக் கருகியது. அண்ணன் மருந்தடித்தார். உரம் போட்டார். இன்னும் தண்ணீர் பாய்ச்சினார். பாய்ச்சப் பாய்ச்சக் காய்ந்தது. வரப்பில் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்தது. காலால் உதைத்தால் ஓடு போல உடைந்தது. வாய்க்கால் தண்ணீரைக் குடித்த சினை மாடு குறைமாதத்தில் கன்று போட்டது. கன்று செத்தே விழுந்தது.

அக்கா விடுமுறை நாட்களில் லேப்பிலிருந்து உப்பு பார்க்கும் மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவார். அண்ணனின் கிணற்றில் அளப்பார். நான்கு வீட்டுக்குக் குடிதண்ணீர் அந்தக் கிணறு. வாய்க்கால் தெளிவதற்கு முன்பு அளந்ததைவிட இரண்டு மடங்கு, அடுத்து மூன்று மடங்கு. வாய்க்கால் நிறமாக ஓடியபோது யாரும் அதைப் பாய்ச்சவில்லை, நிலத்துக்குள் இறங்கியது கொஞ்சம். இப்போது தெளிந்து ஓடுகிறது என்று வயல் வயலாகப் பாய்ச்சி அவர்களே கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மேனேஜரிடம் போனார். மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொல்லித்தான் பேசினார். பாய்லர் கணக்குச் சீட்டில் கையெழுத்து வாங்க நானும் அந்த அறையில் நின்றிருந்தேன்.

"சார், மடை பக்கத்துல ஒரு போர்டு வைக்கலாம். இந்தத் தண்ணி பாசனத்துக்கு ஆகாதுன்னு."

"போர்டு வச்சா நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா."

"உப்பு மெஷின் போடணும்னு எழுதிக் குடுத்தாங்களே சார். அது எப்ப வரும்?"

மேனேஜர் பேனாவை மூடினார். "அது உனக்குத் தெரியாதா? அந்த ஃபைலை மூடிட்டாங்க. கலர் போனதும் மனு போடறவங்க நிறுத்திட்டாங்க. மனு இல்லேன்னா ஃபைலு எதுக்கு? ஒரு வகையில உன் புண்ணியம்தான். அந்த மெஷின் போட்டிருந்தா பட்டறையையே வித்திருக்கணும்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அக்கா எழுந்தார். வெளியே வந்ததும், "தம்பி, நான் கரி சுடாம இருந்திருந்தா அந்த மெஷின் வந்திருக்கும்" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஒன்றுக்கும் பெறாத சமாதானம்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. மனு எழுதி ஊர்க்காரர்களிடம் கையெழுத்துக் கேட்டார். "கண்ணாடி மாதிரி ஓடுது, இதுல என்னம்மா மனு" என்றார்கள். பயிரே கருகிப்போன வீட்டில்கூட விதை சரியில்லை, மருந்து சரியில்லை என்றார்கள். ஒரு பலகையில் தானே எழுதி மடையில் நட்டார். இரண்டு நாளில் அது காணாமல் போனது. எடுத்தது பட்டறை ஆட்கள் இல்லை. அண்ணன்தான். விளைந்த கொஞ்சத்தையும் பலகையைப் பார்த்தால் யார் வாங்குவார்கள் என்று பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார்.

பட்டறையில் அடர் சிவப்புச் சாயம் ஓட்டிய ஒரு காலை. மணி பத்து இருக்கும். நான் மேடையில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா லேப்பிலிருந்து வெளியே வந்து கரித் தொட்டிகளின் அடிக்குப் போனார். தொட்டிக்குப் போகும் வால்வை மூடினார். பக்கத்திலிருந்த வால்வைத் திறந்தார். அதைத் திறந்தால் தண்ணீர் கரியைத் தொடாமல் நேராக வாய்க்காலுக்குப் போகும். இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக, முழுதும் திறக்கும் வரை திருகினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. நான் துணியை மடித்து வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் ஒரு மணிக்கு கேட்டில் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். முன்னால் அண்ணன். முழங்கால் வரை வேட்டி சிவந்திருந்தது. இரண்டு மணி நேரமாக அவர் வயலில் சிவப்புத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது.

"தெளிவா வந்துட்டிருந்த தண்ணிய எவன் கெடுத்தான்? வெளிய வரச் சொல்லு" என்றார்.

மேனேஜர் பேச வாயெடுக்கும் முன் அக்கா கேட்டுக்கு வந்துவிட்டார்.

"நான்தான்ணே."

கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

"நேத்து வந்ததும் இதே தண்ணிதான். கலர் மட்டும்தான் இல்ல. சிவப்பா வந்தப்ப ஒருத்தரும் தொடல. மண்ணு பொழைச்சுது. தெளிவா வரவும் எடுத்து ஊத்திக்கிட்டீங்க. சொன்னேன், கேக்கல. அதான் கண்ணுக்குத் தெரியற மாதிரி விட்டேன். பாத்தாவது நிறுத்துங்க."

தெளிவாகத்தான் பேசினார். நான் கேட்டேன். ஆனால் அங்கிருந்த யாருக்கும் அது காதில் ஏறவில்லை. ஒருவர், "சம்பளம் ஏத்தலேன்னு இப்படிப் பண்ணியிருக்கும்" என்றார். இன்னொருவர் மாட்டுக்கு என்ன காட்டுவது என்று கத்தினார். அண்ணன் மட்டும் கத்தவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மீதி இருந்த வெங்காயம் பூரா செவந்து நிக்குது. நான் ரெண்டு போகமா எந்திரிச்சு நிக்கறது உனக்குப் பொறுக்கலையா பாப்பா?"

அண்ணன் திரும்பி நடந்தார். அக்கா அந்தக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். மேனேஜர் கூட்டத்திடம் கைகூப்பி, ஒரே ஒருவர் செய்த தவறு, மாலைக்குள் சரியாகிவிடும் என்றார். சொன்னபடியே மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் தெளிந்தது. தெளிந்ததும் கூட்டம் கலைந்தது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். வேண்டுமென்றே வால்வைத் திறந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று தட்டச்சு செய்த தாள் மேசையில் இருந்தது. அதில் இருந்தது உண்மைதான். ஏன் திறந்தார் என்பது மட்டும் அதில் இல்லை. "இதுல காரணம் இல்லையே சார்" என்றேன். "காரணம் உன் வேலை இல்ல. பாத்தியா, இல்லையா?" என்றார் மேனேஜர். எனக்கு வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு தங்கை இருந்தாள். கையெழுத்துப் போட்டேன். தங்கை இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவை அன்றே நிறுத்தினார்கள். கரி சுடும் முறையை அவர் எழுதி வைத்திருந்த நோட்டை லேப்பிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வைத்துவிட்டுப் போனார். புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்தான். நோட்டைப் பார்த்து அப்படியே செய்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை என்றான். அடுத்த வருடம் வாய்க்காலில் அண்ணன் நிலத்தையும் தாண்டிக் கீழே இருந்த பட்டறைகளும் அதே கரியைப் போட ஆரம்பித்தன. மில்காரர் தக்கைக்கு விலை வைத்தார். வாய்க்கால் முழு நீளத்துக்கும் பளிங்காக ஓடியது.

அண்ணன் இன்னும் ஒரு போகம் போட்டுப் பார்த்தார். விதைத்தது முளைக்கவே இல்லை. இரண்டு ஏக்கரும் மாவு கொட்டியது போல வெளுத்துப் போனது. எட்டு வருடம் முள் விளைந்த மண்ணில் இப்போது முள்ளும் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. நான்கு வீட்டில் மூன்று வீடு காலியானது. பழைய கிடங்கில் அவர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. அண்ணன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு அண்ணியின் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு சிமென்ட் கடையில் மூட்டை எண்ணுகிறார் என்று கேள்வி. போகும்போது தங்கையிடம் சொல்லவில்லை. அக்கா விசாரித்து இரண்டு முறை போனாராம். முதல் முறை அண்ணி தண்ணீர் கொடுத்தார், அண்ணன் வெளியே வரவில்லை. இரண்டாவது முறை கதவே திறக்கவில்லை.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். என் அம்மாவைச் சேர்த்திருந்தேன், போர்வை மாற்றக் கேட்டுப் போனேன். அங்கே வெள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. நகத்தில் கறுப்பு இல்லை. தொண்டை மட்டும் அந்த அமிலக் கோடையிலிருந்து தேறவே இல்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இருமினார். அம்மாவைப் பற்றி விசாரித்தார், நல்ல போர்வையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

"அக்கா, அந்தத் தாளுல நான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும். எனக்கும் ஒரு நகல் குடுத்தாங்க."

"மன்னிச்சிருங்க."

"நீ பாத்ததைத்தானே எழுதியிருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த துணியை எடுத்து மடித்தபடி அவராகவே பேசினார்.

"கேட்டுல நின்னு அண்ணன் கேட்டுச்சே, பொறுக்கலையான்னு. தினம் அதுக்கு ஒரு பதில் யோசிக்கறேன். நல்ல பதிலா ஒண்ணும் வர மாட்டேங்குது."

உள்ளேயிருந்து ஒரு பெண் அடுத்த வண்டித் துணி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். அக்கா இருமியபடி எழுந்து போனார். நான் போர்வையை எடுத்துக்கொண்டு அம்மா இருந்த வார்டுக்குத் திரும்பினேன்.